பத்தாம் தேதிப் பிரதி

மார்ச் 2

மாப்பிள்ளைக்கு,

அழைத்தால் எடுப்பதில்லை என்று நீங்களும், அழைப்பதில்லை என்று நானும் முடிவு செய்துவிட்டபடியால் கடிதம் ஒன்றே வழி. பேசியதைப் பேசவில்லை என்று சாதித்துவிடலாம். எழுதியதை அப்படிச் சாதிக்க இயலாது என்பது இதிலுள்ள கூடுதல் வசதி.

இதை உங்கள் மைத்துனனாக எழுதவில்லை. ஆறாண்டுகள் நீங்கள் சம்பளம் வாங்கிய குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைவனாக எழுதுகிறேன். ஜனவரியில் ஒரு பக்க ராஜினாமாவை என் மேசையில் வைத்துவிட்டு, என் தங்கையையும் அழைத்துக்கொண்டு எண்ணூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டீர்கள். எங்கள் ஆறு கணினிகளிலும் ஆசை ஆசையாக ஏற்றிய அந்த இயங்குதளத்தை மட்டும் அப்படியே விட்டுச் சென்றீர்கள். இலவசம், உள்ளே இருப்பதை எவரும் திறந்து படிக்கலாம், போட்டது எதுவும் தொலையாது என்று அன்று நீங்கள் அடுக்கிய காரணங்களுக்குத் தலையாட்டி ஒப்புதல் தந்தவன் நான்தான். உலகத்தில் வேறு எந்த அலுவலகமும் சீண்டாத ஒன்றை நாம் ஏன் சீண்ட வேண்டும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

இன்றைய நிலையைச் சொல்கிறேன். திரையில் படமும் இல்லை, பட்டியலும் இல்லை. வெள்ளைச் சுவர் போல ஒரு வெளி, அதில் ஒரு கோடு. மவுஸின் நடுப் பொத்தானில் விரல் பட்டால் எழுதிய பத்தி காணாமல் போகிறது. தட்டச்சு செய்யும் அம்மாள் நேற்று என் அறைக்கு வந்து, "சார், இந்த ஆமை நான் எதைத் தொட்டாலும் முழுங்கிடுது. எனக்கு வேற செக்‌ஷன் குடுங்க" என்று நின்றார். ஆமை என்பது உங்கள் இயங்குதளத்துக்கு ஊழியர்கள் வைத்த பெயர் என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

ஏப்ரல் 10 அன்று விசாரணைக் குழு வருகிறது. டிசம்பரில் கிழக்குக் குடியிருப்பில் முப்பத்தேழு குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தக் குடியிருப்பின் கிணற்று நீர் குடிக்கத் தக்கது என்று நவம்பரில் நம் கூடம் தந்த சான்றில் என் கையொப்பம் இருக்கிறது. பதிவுகளைக் குழு கேட்டிருக்கிறது. அதற்கு முன் எல்லாக் கணினிகளிலும் ஊர் உலகம் பயன்படுத்தும் இயங்குதளத்தை ஏற்றிவிட விரும்புகிறேன். இன்றுள்ள கோப்புகளை மட்டும் எடுத்து மாற்றினால் போதும், பழையவை தேவையில்லை. அதற்கான வழிமுறையை ஒரு தாளில் எழுதி அனுப்பவும்.

தலைவர்,
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்


மார்ச் 9

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. 'நலமா' என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று உங்கள் தங்கை இரண்டு முறை தேடினாள். "அண்ணன் எழுதின லெட்டரா, ஆபீஸ் நோட்டீஸா?" என்று கேட்டுவிட்டு மடித்து வைத்துவிட்டாள். மற்றபடி அவள் உங்களிடம் சொல்லச் சொன்னது எதுவும் இல்லை.

உங்கள் அறையில் இடது பக்க அலமாரி, மேல் தட்டு. பச்சை அட்டை போட்ட ஃபைல். இருநூற்றுப் பதினான்கு பக்கம். ஆமையை எப்படி ஓட்டுவது என்று ஆறு மாதம் உட்கார்ந்து தமிழில் நான் எழுதிய வழிகாட்டி. ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். உங்கள் பிரதியின் மேல் டீ கிளாஸ் வைத்த வட்டம் இருக்கும். உள்ளே ஒரு பக்கமும் கசங்கியிருக்காது.

தட்டச்சு அம்மாவிடம் சொல்லுங்கள்: இடது பொத்தானை விடாமல் பிடித்தபடி நடுப் பொத்தானை அழுத்தினால் வெட்டும். அதே மாதிரி பிடித்தபடி வலது பொத்தானை அழுத்தினால் ஒட்டும். காணாமல் போன பத்தி எங்கேயும் போகவில்லை. ஒட்டினால் திரும்பி வரும். பக்கம் பதினொன்று.

ஒரு தாளில் வழிமுறை கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். குழு வந்து போகும்வரை ஒரு கம்ப்யூட்டரிலும் கை வைக்காதீர்கள். பழையவை தேவையில்லை என்கிறீர்கள். குழு கேட்பதே பழையவற்றைத்தானே மச்சான்? நவம்பரில் நடந்ததை விசாரிக்க வருகிறவர்களுக்கு இன்றைய கோப்பை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

உங்கள் தங்கையின் கணவன்


மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

உங்கள் இருநூற்றுப் பதினான்கு பக்கங்களையும் படித்துவிட்டேன். பொறுமையற்ற ஓர் ஆசிரியர், முட்டாள் என்று தாம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட மாணவர்களுக்கு எழுதியது போலிருக்கிறது. ஆயினும் பிழையின்றி இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வாரமாக எல்லாரும் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வந்து அமர்கிறேன். முதல் மூன்று நாட்கள் விரல்கள் என்னோடு சண்டையிட்டன. நான்காம் நாள் ஒரு மாத அறிக்கையை வெட்டி, ஒட்டி, அச்செடுத்தேன். ஆறாம் நாள், நீங்கள் எழுபதாம் பக்கத்தில் வேண்டுமென்றே சுருக்கிச் சொன்ன தேடும் முறையை நானே விரித்துப் புரிந்துகொண்டேன். இப்போது தட்டச்சு அம்மாளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். "சார், அவர் சொன்னப்ப புரியல, நீங்க சொன்னா புரியுது" என்கிறார். இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இருக்கிறது, மறைக்கவில்லை.

ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு ஆமை, அந்த நேரத்தில் வட்டில் உள்ள அத்தனையையும் பிரதியெடுத்துத் தனிக் கிடங்கில் அடுக்கிவிடுகிறது என்றும், 'நேற்று' என்ற கட்டளையோடு ஒரு தேதியைத் தட்டினால் அந்த நாளின் பிரதி அப்படியே திறக்கும் என்றும் நூற்று நாற்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். தட்டிப் பார்த்தேன். திறக்கிறது. ஆனால் ஒரு நாளின் பிரதியை மட்டும் நீக்குவது எப்படி என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. வட்டில் இடம் போதாமற்போகும் என்ற கவலையால் கேட்கிறேன்.

பின்குறிப்பாக ஒன்று. நவம்பர்ப் பதிவுகளில் பிழை ஏதேனும் காணப்படுமாயின் அது பதிந்தவரின் கவனக்குறைவாகவே இருக்கக்கூடும் என்று குழுவுக்கு முன்னறிக்கை கொடுத்திருக்கிறேன். கிழக்குக் கிணற்று மாதிரியைச் சோதித்துப் பதிந்தவர் நம் மூத்த பரிசோதகர் அம்மாள் என்பது நீங்கள் அறிந்ததே.

தலைவர்,
குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்


மார்ச் 24

மச்சானுக்கு,

இந்த இயங்குதளத்தை உலகம் முழுக்க மொத்தம் முந்நூறு பேர் பயன்படுத்தினால் அதிகம். எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. யார் எதைக் கேட்டாலும் எல்லாருக்கும் வரும். போன திங்கட்கிழமை புதிதாக ஒருவர் வந்தார். பெயர் இல்லை. "மதிப்பிற்குரியீர், தக்க காரணங்களின் பொருட்டு, கிடங்கிலுள்ள ஒரு குறிப்பிட்ட நாளின் பிரதியை மட்டும், ஏனையவற்றுக்கு ஊறு நேராவண்ணம் அகற்றுதற்குரிய வழியை அறியத் தருமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்" என்று தமிழில் ஒரு பத்தி, கீழே அதே மிடுக்கோடு ஆங்கிலத்தில் ஒரு பத்தி. எனக்கு டீ புரையேறிவிட்டது. பெயரை மறைத்தீர்கள். அந்த 'ஊறு நேராவண்ணம்' என்பதை மறைக்கத் தெரியவில்லையே! எங்கள் குழுவில் எவனும் எவனுக்கும் மரியாதையாக எழுதினதாகச் சரித்திரமே இல்லை. யாரோ ஒரு ஆள் பதில் போட்டிருந்தான், பார்த்தீர்களா? "ஏன்?" என்று ஒரே வார்த்தை.

நானும் அதையேதான் கேட்கிறேன். ஏன்? இடத்துக்காக என்று சொல்லாதீர்கள். அந்தக் கிடங்கு இன்னும் முப்பது வருஷத்துக்குத் தாங்கும். நான் பார்த்து வாங்கியது. நீக்கும் வழி எந்தப் பக்கத்திலும் இல்லை, ஏனென்றால் வழியே இல்லை. உள்ளே போனது போனதுதான்.

நீங்கள் கேட்கத் தயங்கும் தேதியை நானே எழுதுகிறேன். நவம்பர் ஒன்பது. அன்று பரிசோதகர் அம்மா கிழக்குக் கிணற்றுக்கு எதிரே கிருமி எண்ணிக்கை நாற்பத்தாறு என்று பதிந்தார். ஒன்று இருந்தாலே குடிக்கக் கூடாது. அன்று மாலை ஆறு மணிப் பிரதியில் நாற்பத்தாறு. மறுநாள் காலை உங்கள் கணக்கிலிருந்து அந்தக் கோப்பு திறக்கப்பட்டது. மறுநாள் மாலைப் பிரதியில் சுழியம். டிசம்பரில் குழந்தைகள் விழுந்த பிறகுதான் நான் சந்தேகப்பட்டுத் தேடிப் பார்த்தேன். பார்த்த பிறகு உங்கள் கீழே வேலை செய்யப் பிடிக்கவில்லை. உங்கள் தங்கையிடமும் சொல்லிவிட்டேன். அவள் ஏன் உங்களுக்குப் பேசவில்லை என்று இனி யோசிக்க வேண்டாம்.

இப்போது பழியை அந்த அம்மா தலையில் கட்டுகிறீர்கள். நன்றாக இருக்கிறது.

இன்னொன்று. எனக்கு எழுதும் கடிதங்களை அந்த ஆமையிலேயே தட்டுகிறீர்கள். அச்சைப் பார்த்தாலே தெரிகிறது. அனுப்பிவிட்டு அழித்தும் இருப்பீர்கள். தட்டியது எத்தனை மணிக்கு என்று நினைவிருக்கிறதா?

உங்கள் தங்கையின் கணவன்


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

கையால் எழுதுகிறேன். காரணத்தைக் கண்டுபிடித்து நீங்கள் சிரிக்கலாம், ஆட்சேபம் இல்லை.

நவம்பர் பத்து, காலை ஒன்பதரை. தலைமைப் பொறியாளர் என்னை அழைத்தார். கிழக்குக் கிணற்றை மூடினால் மூவாயிரம் குடும்பங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. லாரிக்கு உத்தரவு வாங்கப் பத்து நாளாகும். இன்று பகலுக்குள் குளோரின் போட்டுவிடுகிறேன், நாளைய மாதிரியில் சுழியம் வரும், வரப்போகிற சுழியத்தை இன்றே எழுதினால் என்ன என்றார். முப்பது ஆண்டுகளில் எழுதாத ஒரு பொய்யை நான் எழுதினேன். அவர் குளோரின் போடவில்லை. மறுநாள் மாதிரியும் அனுப்பவில்லை. கேட்டபோதெல்லாம் "ஆகிக்கிட்டிருக்கு சார்" என்றார். இவை யாவும் தொலைபேசியில் நடந்தவை. உங்கள் ஆமையின் கிடங்கில் தொலைபேசிப் பேச்சுகள் இல்லை. அவர் பெயரைச் சொன்னால் மறுப்பார். என்னிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. என் விரல் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது.

முப்பத்தேழு குழந்தைகளும் பிழைத்துவிட்டார்கள். இதை ஆறுதலாக எழுதவில்லை, தகவலாக எழுதுகிறேன்.

பரிசோதகர் அம்மாளுக்கு எழுத்துமூல எச்சரிக்கையோடு முடியும்படி பார்த்துக்கொள்வேன். ஓய்வு பெற அவருக்கு இரண்டு ஆண்டுகளே உள்ளன. எச்சரிக்கை எவரையும் கொன்றதில்லை. கூடத்தின் பெயர் நிற்கும். குழுவுக்கு இந்தக் கிடங்கு இருப்பதே தெரியாது. அதைத் திறந்து பார்த்தவர்கள் இருவர், இருவரும் ஒரே குடும்பம். வாயை மூடிக்கொண்டிருப்பது உங்களுக்குப் புதிய வேலை அன்று என்று நம்புகிறேன்.

ஏனெனில் உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நிற்கிறது. டிசம்பரில்தான் பார்த்தேன் என்கிறீர்கள். ஆறாண்டுகளில் ஒரு நாளாவது, ஆறு மணிப் பிரதி முடிந்து, அதை முந்தைய நாளின் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதை நான் கண்டதில்லை. "ரெண்டு நிமிஷம் மச்சான், ஆமை என்ன தின்னுச்சுன்னு பாத்துட்டு வரேன்" என்பீர்கள். நானும் உங்களுக்காக வாசலில் காத்து நிற்பேன். நவம்பர் பத்தாம் தேதி மட்டும் அது எப்படித் தவறியது?

கையொப்பம் தேவையில்லை என்று கருதுகிறேன்.


ஏப்ரல் 4

மச்சானுக்கு,

நான் எந்த மாதம் பார்த்தேன் என்பதா இப்போது பிரச்சினை? எண்ணை மாற்றியது நீங்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

எச்சரிக்கை எவரையும் கொன்றதில்லையாம். பரிசோதகர் அம்மா நேற்று எனக்கு போன் செய்தார். முன்னறிக்கையின் நகலை அவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, நான் நாப்பத்தாறுன்னுதானே போட்டேன்? நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா சாரே இப்படி எழுதியிருக்காரு, அப்ப நான்தான் ஏதோ பண்ணிட்டேன் போல. அந்தப் பிள்ளைங்க முகமே கண்ணுக்குள்ள நிக்குது. சாப்பாடு எறங்க மாட்டேங்குது" என்றார். முப்பத்தேழு பிள்ளைகளையும் தானே படுக்க வைத்துவிட்டதாக நம்ப ஆரம்பித்துவிட்டார் அந்த அம்மா. அது எச்சரிக்கையோடு முடிகிற விஷயமா?

பத்தாம் தேதி நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் பதினொன்றாம் தேதி நான் குழுவுக்கு எழுதுவேன். ஒரே குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தங்கை அந்த வரியைப் படித்துவிட்டு, "என்னையும் எதுக்கு இதுல கூட்டு சேக்கறார்?" என்று கேட்டாள். 

உங்கள் தங்கையின் கணவன்


ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

பதினொன்றாம் தேதி நீங்கள் எழுதுவதாகச் சொன்ன கடிதத்துக்கு அவசியமில்லாமற் போயிற்று. எழுதி அனுப்பிவிட்டிருந்தால் தபால் செலவு வீண்.

குழுவில் மூவர். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. தலைமைப் பொறியாளர் உடல்நிலை காரணமாக வரவில்லை என்று ஒரு தாள் அனுப்பியிருந்தார். முதலில் பரிசோதகர் அம்மாளை அழைத்தார்கள். நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். கிழக்குக் கிணற்றுக்கு நவம்பரில் என்ன எண் பதிந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தான் தப்பா போட்டிருப்பேன் ஐயா. வயசாயிடுச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார்.

பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய பதிவுகளைச் சரிபார்ப்பவன் நான். ஓர் எண்கூடத் தவறியதில்லை. மற்றவர்களின் எண்களை நான் இருமுறை பார்ப்பேன். அவருடையதைப் பார்க்காமலேயே கையெழுத்திடுவேன். அந்தக் கண்ணைப் பற்றித்தான் அவர் அப்படிச் சொன்னார். நான் எழுதிய பொய்யைவிட, அவரை நான் சொல்ல வைத்த அந்தப் பொய் எனக்கு அருவருப்பாக இருந்தது. மனம் திருந்தியதாக எண்ண வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது; அவ்வளவுதான்.

எழுந்து, ஒரு கணினியை இந்த அறைக்குக் கொண்டுவர அனுமதி கேட்டேன். உங்கள் ஆமை எப்படி இயங்குகிறது, ஆறு மணிக்கு என்ன செய்கிறது, கிடங்கில் ஏன் எவரும் கை வைக்க முடியாது என்று நாற்பது நிமிடங்கள் விளக்கினேன். நடுவில் நீதிபதி, "நீங்க கெமிஸ்ட்ரியா, கம்ப்யூட்டரா?" என்று கேட்டார். பிறகு 'நேற்று' என்று தட்டி நவம்பர் ஒன்பதைத் திறந்தேன். நாற்பத்தாறு. நவம்பர் பத்தைத் திறந்தேன். சுழியம். மாற்றிய கணக்கு யாருடையது என்று அவர்கள் கேட்கும் முன்பே சொன்னேன். தொலைபேசியில் வந்த அழைப்பையும் சொன்னேன். நம்பினார்களா என்று தெரியாது, எழுதிக்கொண்டார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பத்தாம் தேதிப் பிரதி திறந்தே இருந்தது. அதில் எல்லாருடைய கோப்புகளும் உண்டு, உங்களுடையவையும் உண்டு. என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதபோது நான் வேறு எங்கே போய்க் கேட்பேன்? உங்கள் எழுபதாம் பக்கத்து முறையில் தேடினேன். ஒரு கோப்பு வந்தது. நவம்பர் பத்து, மாலை ஐந்து ஐம்பது. அன்று ஆறு மணி வரை நீங்கள் காத்திருக்கவில்லை, முன்னதாகவே ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டே வரிகள். "கிழக்குக் கிணறு, நேற்று 46, இன்று 0. மச்சான் கணக்கு." நீதிபதி வாசிக்கச் சொன்னார். உரக்க வாசித்தேன்.

பிறகு நவம்பர் பதினொன்றின் பிரதியைத் திறந்தேன். அந்தக் கோப்பு அதில் இல்லை.

உள்ளே போனது போனதுதான் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், இருநூற்றுப் பதினான்கு பக்கம் எழுதியவர், பதினொன்றாம் தேதி தம் கோப்பைத் தாமே அழித்திருக்கிறார். பயத்தில் கை முந்திக்கொள்ளும்போது படித்தது உதவாது போலும். ஒரு வேதியியல்காரன் மின்னஞ்சல் குழுவில் போய் அசட்டுத்தனமாகக் கேட்டான் என்று சிரித்தீர்கள். நானாவது கேட்டேன்.

குளோரின் போடப்படவில்லை என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லலாம். அது அரை உண்மை. நாற்பத்தாறு என்பது உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. நவம்பர் பத்துக்கும் குழந்தைகள் விழுந்த நாளுக்கும் இடையே இருபத்தாறு நாட்கள். அந்த இருபத்தாறு மாலைகளிலும் நாம் இருவரும் ஒன்றாகவே வாசல் வரை நடந்து வந்தோம். நீங்கள் வானிலை பற்றிப் பேசினீர்கள்.

என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள்; வழக்கும் வரும். அறையைக் காலி செய்தபோது பரிசோதகர் அம்மாள் வந்தார். நன்றி சொல்லவில்லை; சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன். "அந்த ஒன்பதாம் தேதி பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா சார்? எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்" என்று மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கூடத்தில் நான் செய்த கடைசி வேலை அது.

உங்களுக்கு இருபதாம் தேதிக்கு அழைப்பாணை வரும். தெரிந்தும் மறைத்தமை குறித்து விளக்கம் கேட்பார்கள். நீதிபதி நேரந்தவறாதவர்; முந்தின நாளே வந்து சேரவும்.

இக்கடிதத்தின் நகல் ஒன்று இதே தபாலில், தனி உறையில், என் தங்கையின் பெயருக்கு வருகிறது. டிசம்பர் என்று அவளிடம் நீங்கள் சொல்லியிருப்பதால், நவம்பர் பத்து என்ற இடத்தில் மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் தபாலை முதலில் கையில் வாங்குபவள் அவள்தான் என்பது எனக்குத் தெரியும்.

முன்னாள் தலைவர்